கடைசி ஆட்டத்துக்கு முந்தைய வாரம்

கணபதி கிரிக்கெட் கிளப் தொடர்ந்து நான்காவது ஆட்டத்திலும் தோற்ற ஞாயிற்றுக்கிழமை, அதன் ரசிகர்கள் மூன்று பேர் சத்தி ரோட்டில் ஒரு பேக்கரியில் உட்கார்ந்திருந்தார்கள். மாலை ஆறு மணி இருக்கும். டீ வந்து ஆடை கட்டிவிட்டது. யாரும் கையில் எடுக்கவில்லை.

மாவட்ட லீக் ஆட்டத்துக்கு ரசிகர்கள் என்று பெரிதாக யாரும் வருவதில்லை. ஆடுகிறவனின் அப்பா வருவார், நிச்சயம் பண்ணியிருக்கும் பெண் ஒருநாள் வந்து வெயில் தாங்காமல் போய்விடுவாள். ஆனால் இந்த மூன்று பேருக்கும் அணியில் சொந்தபந்தம் ஒருவரும் கிடையாது. மில்லில் இருந்து ஓய்வு பெற்ற அரங்கசாமிக்கு அறுபத்து மூன்று வயது. குடையும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு முதலில் வந்து உட்காருகிறவர் அவர்தான். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் லோகப்பிரியா ஒரு காலத்தில் மாவட்டப் பெண்கள் அணிக்கு விக்கெட் கீப்பராக இருந்தவள். மூவரில் ஆட்டம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பது மற்ற இருவருக்கும் தெரியும். ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மூன்றாவது ஆள் கிருபாசங்கர். பெருந்துறையில் ஒரு பனியன் கம்பெனியில் சரக்குத் தரம் பார்க்கிற வேலை. திங்கட்கிழமை விடியக்காலை பஸ் ஏறினால் சனிக்கிழமை பொழுதோடுதான் வீட்டுக்கு வருவார். நடுவில் ஐந்து இரவுகள் மூன்று பேர் தங்கும் ஓர் அறை. வாரத்தில் அவருக்கென்று இருந்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அதையும் நான்கு வாரமாக இந்த அணி கெடுத்துக்கொண்டிருந்தது.

"இன்னும் ஒரு மேட்ச்சுதானுங்க," என்றார் அரங்கசாமி. "பன்னெண்டு டீமுல கடைசி ரெண்டு டீமு செகண்ட் டிவிஷனுக்கு எறங்கோணும். கடைசியில இருக்கறவன் ஏற்கனவே எறங்கிட்டான். மிச்சம் ஒரு எடம். நாமளும் உக்கடத்துக்காரனும் பன்னெண்டு பாய்ண்டுல நிக்கறோம்."

"ரன் ரேட்டுல நாம மேல இருக்கறோமுங்ண்ணா," என்றாள் லோகப்பிரியா. "அடுத்து வார ஞாயித்துக்கெழமை நாம ஜெயிச்சாப் போதும். அவிய என்ன பண்ணுனாலும் கவலையில்ல. நாம தோத்து அவிய ஜெயிச்சாத்தான் எறக்கம்."

"நாம எங்க ஜெயிக்கறது," என்றார் கிருபாசங்கர். "நாப்பத்தேழாவது ஓவரை தம்பிதுரைக்குக் குடுக்கற டீமு ஜெயிக்குமா? அவனுகளுக்கு இருபத்தி நாலு பந்துக்கு முப்பத்தி நாலு ரன்னு வேணும். கையில இருந்த மேட்ச்சு. ஒரே ஓவர்ல இருவத்திரெண்டு!"

தம்பிதுரை அணியின் இடக்கை சுழற்பந்து வீச்சாளர். நாற்பத்தொரு வயது. பதினெட்டு வருடமாக இதே அணிக்கு ஆடுகிறவர். கிருபாசங்கர் குடியிருக்கும் அதே வீதியில் நான்கு வீடு தள்ளி இருப்பவரும்கூட.

"அவரு கிட்டக் குடுத்தது தப்பில்லீங்ண்ணா," என்றாள் லோகப்பிரியா. "எந்தப் பக்கத்துல இருந்து போடச் சொன்னாங்கங்கறதுதான் தப்பு. காத்து ரோட்டுப் பக்கம் அடிச்சுது. பவுண்டரியும் அந்தப் பக்கம்தான் பக்கம். சும்மா தூக்கி உட்டாலே சிக்ஸு. மறு முனையில இருந்து போட்டிருந்தா அத்தனையும் லாங் ஆன்ல கேட்ச்சு."

"நான் சொல்றது யாரு கேக்கறா? ஸ்பின்னர மொத ஓவரே போட உடோணுமுங்க," என்றார் அரங்கசாமி. எந்தத் தோல்விக்கும் அவர் சொல்லும் மருந்து அது ஒன்றுதான். எப்போதோ ஒரு மில் போட்டியில் அப்படிச் செய்து எதிரணியை முப்பத்தெட்டு ரன்னுக்குச் சுருட்டியதாகச் சொல்வார். இன்றைக்கும் சொல்ல ஆரம்பித்தார். பாதியிலேயே அவருக்கே சலித்துப்போய் நிறுத்திக்கொண்டார்.

"காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றார் கிருபாசங்கர். "முட்டி போயிருச்சு அவருக்கு. பந்து போட்டுப் போட்டு நொண்டறாரு. சபரீஷுக்குக் கண்ணு தெரியுது, சொல்றதுக்கு வாய் வரமாட்டீங்குது. அவ்வளவுதான்."

சபரீஷ் அணித்தலைவன். பத்துப் பதினோரு வயதில் தம்பிதுரையிடம்தான் பந்து பிடிக்கக் கற்றுக்கொண்டான் என்பார்கள். அதனால் கிருபாசங்கர் சொன்னதை மற்ற இருவரும் மறுக்கவில்லை. ஆறிய டீயைக் குடித்துவிட்டு எழுந்துபோனார்கள்.

மறுநாள் காலை ஐந்தரை மணி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த கிருபாசங்கருக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ஓவர் கண்ணுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. மூவருக்கும் பொதுவாக 'கணபதி கேலரி' என்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். ஃபோனை வாய்க்கருகே வைத்துத் தணிந்த குரலில் பேசினார்.

"ஏனுங், நான் ராத்திரி பூரா ரோசன பண்ணுனேன். தம்பிதுரைய அடுத்து வார மேட்ச்சுல வெளிய உக்கார வெச்சே ஆகோணும். பாவமாத்தான் இருக்குது. பட்டறைய மூடுனதுக்கப்பறம் அவருக்கு இதை உட்டா வேற ஒண்ணுமில்ல. ஊட்டுல உக்கார முடியாமத்தான் கிரவுண்டுக்கு வாராரு. அதுக்காக ஒரு டீமே செகண்ட் டிவிஷன் போகோணுமா? ஒரு மனுசனோட வெசனத்துக்குப் பதினோரு பேரு ஆடறதா?"

அனுப்பினார். மனசிலிருந்ததை இறக்கி வைத்த நிம்மதியில் கண்ணை மூடினார். அவிநாசி வந்ததும் போனதும் தெரியவில்லை.

விஜயமங்கலத்தில் கண்டக்டர் சத்தம் கேட்டு விழித்தபோது ஃபோனில் ஒன்பது அழைப்புகள் தவறியிருந்தன. ஏழு லோகப்பிரியாவுடையவை. அவளுடைய செய்தி ஒன்றும் இருந்தது: 'அண்ணா, தப்பான குரூப்புல போட்டுட்டீங்க. உடனே எடுங்க.'

'கணபதி கேலரி'க்கு நேர் மேலே 'கணபதி சி.சி.' என்ற குழு இருந்தது. அதில் எண்பத்து நான்கு பேர். ஆடுகிறவர்கள், ஆடி முடித்தவர்கள், கமிட்டிக்காரர்கள், அவர்கள் வீட்டு ஆட்கள். தம்பிதுரையும் இருந்தார். கிருபாசங்கரின் குரல் அங்கே ஒரு மணி நேரமாகக் கிடந்தது.

அவசரமாக அழித்தார். அழித்த இடத்தில் செய்தி நீக்கப்பட்டதாக ஒரு வரி வந்து நின்றது. அதற்குக் கீழே யாரோ ஒருவன் சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டான்.

பெருந்துறையில் இறங்கித் தொழிற்பேட்டைக்கு நடக்கும்போது தம்பிதுரையைக் கூப்பிட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மதியம் கூப்பிட்டார். எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை 'கணபதி சி.சி.'யில் தம்பிதுரையின் செய்தி வந்தது. 'இந்த ஞாயிறு எனக்கு வேலை இருக்கிறது. வர இயலாது. எல்லோரும் நன்றாக ஆடவும்.' வரச் சொல்லிக் கெஞ்சி சபரீஷ் அதற்குக் கீழே எழுதியிருந்தான். தம்பிதுரையிடமிருந்து பதிலில்லை.

புதன்கிழமை பொழுதோடு கிருபாசங்கரின் மனைவி கீதா கூப்பிட்டாள்.

"ஏனுங்க, என்னத்தப் பேசித் தொலைச்சீங்க? நந்திதா என்னையக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்கறா. பிள்ளையார் கோயில்ல பக்கத்துல நின்னேன், அந்தண்ட போயிட்டா. பதினாலு வருசமா ஒண்ணா இருந்தவ."

நந்திதா தம்பிதுரையின் மனைவி.

"வேணும்னு பேசலீங் கீதா. கைதவறிப் போயிருச்சு."

"கைதவறித்தான் போச்சு. பேசுனது உங்க வாய்தான?"

அந்த வாரம் முழுக்க அவர் தினமும் ஏழெட்டு மணி நேரம் வெளிச்சத்துக்கு நேரே துணியைப் பிடித்து ஓட்டை பார்த்தார். அறைக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தார். டெலிவிஷனில் ஆடுகிறவனை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், அவன் காதில் விழாது என்ற நினைப்பு அடிக்கடி வந்தது. தம்பிதுரையையும் அப்படித்தான் இத்தனை வருடமாகப் பேசி வந்திருக்கிறார். அந்த மனிதர் காலையில் தன் வீட்டைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறார் என்பது பேசும்போது மறந்தே போயிருந்தது.

பட்டறை விஷயமும் வீதியில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பம்ப்செட்டுக்கு உதிரி பாகம் கடையும் சின்னப் பட்டறை. இரண்டு லேத்து, மூன்று ஆட்கள். போன ஆடியில் மூடிவிட்டு, இப்போது இன்னொருவர் பட்டறையில் ஷிப்டுக்குப் போகிறார். கிருபாசங்கர் அதைப் பற்றி ஒருநாளும் அவரிடம் கேட்டதில்லை. எதிரில் பார்த்தால் ஆட்டத்தைப் பற்றி மட்டும்தான் பேசுவார்.

சனிக்கிழமை மாலை ஊர் வந்து சேர்ந்ததும் பையைக் கூட வீட்டில் வைக்காமல் நேரே தம்பிதுரை வீட்டுக்குப் போனார். ஏழு மணி இருக்கும். கதவைத் திறந்தது தம்பிதுரைதான். குளித்துவிட்டுத் துண்டு போட்டிருந்தார். ஒரு நொடி பார்த்துவிட்டு, "வாங்ண்ணா," என்று விலகி வழிவிட்டார்.

கிருபாசங்கர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"தப்புப் பண்ணிப்போட்டேன் தம்பி."

"உடுங்ண்ணா."

"உங்க காதுக்கு வரட்டும்னு பேசலீங்."

"அது தெரியுமுங்ண்ணா. எங்காதுக்கு வராதுன்னு நெனச்சுத்தான பேசுனீங்க. அதனாலதான் மனசுல இருக்கறது அப்படியே வந்துருச்சு." தம்பிதுரை குரலை உயர்த்தவில்லை. அது கிருபாசங்கருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "நீங்க சொன்னதுல ஒண்ணுதான் தப்பு. முட்டி இல்லீங்ண்ணா. தோளு."

துண்டை விலக்கி இடது கையைத் தூக்கிக் காட்டினார். கை தோள் உயரத்துக்கு வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் தூக்க முயன்றபோது அவர் முகம் சுருங்கியது.

"மார்கழியில இருந்து இப்படித்தான். வலிக்கு ஏத்தாப்பல ஒடம்பச் சாய்ச்சு சாய்ச்சுப் போட்டேன். அதுல காலு இழுத்துட்டு வந்துச்சு. நீங்க முட்டின்னு நெனச்சுட்டீங்க."

"அப்பறம் எதுக்குத் தம்பி ஆடுனீங்க? சபரீஷுகிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?"

"மூணு தடவ சொன்னேன். என்னைய டீமுல இருந்து எடுத்துருன்னு சொன்னேன். அவன் என்ன பண்ணுவான்? ரெண்டாவது ஸ்பின்னருக்குப் பெங்களூர்ல வேல கெடைச்சுப் போயிட்டான். பத்து ஓவர நிறுத்திப் போட வேற ஆளில்ல. 'நீங்க கைய மட்டும் சுத்துங்க மாமா, மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்'னான்."

கிருபாசங்கர் தரையைப் பார்த்தார். பேக்கரியில் உட்கார்ந்து மூன்று பேரும் காற்றையும் பவுண்டரியையும் வாய் வராத அணித்தலைவனையும் வைத்து எத்தனை மணி நேரம் பேசியிருப்பார்கள். நடந்ததில் ஒன்றுகூட அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"நாளைக்கு வாங்க தம்பி. உங்க கையப் புடிச்சுக் கேக்கறேன்."

"இல்லீங்ண்ணா. இப்ப வந்தன்னா, ஊட்டுல உக்கார முடியாம வந்துட்டான்னுதான் நாலு பேரு நெனப்பாங்க. நான் பந்து போடறப்பவெல்லாம் அதுதான் எங்காதுல கேக்கும்."

உள்ளேயிருந்து நந்திதா வந்தாள். ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். உடனே திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தார். அவள் நின்றாள். அவரைப் பார்த்து நேராகப் பேசினாள்.

"பட்டறைய மூடுனப்ப வீதியில அத்தன பேரும் வந்து வந்து விசாரிச்சாங்க. ஏன் மூடுனீங்க, அப்பறம் என்ன பண்ணறீங்கன்னு. நீங்க ஒருத்தருதானுங்ண்ணா கேக்கல. மனுசன் சங்கடம் தெரிஞ்சவருன்னு நான் இவருகிட்டவே சொல்லியிருக்கறேன்."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். கிருபாசங்கர் அந்தத் தண்ணீரைக் குடித்தார். குடிக்காமல் வைத்துவிட்டு வருவதும் மரியாதையாகப் படவில்லை.

வாசலில் செருப்பு போடும்போது கேட்டார். "குரூப்புல ஒரு மன்னிப்புப் போட்டர்றேன் தம்பி. எல்லாருக்கும் தெரியற மாதிரி."

"வேண்டாமுங்ண்ணா," என்றார் தம்பிதுரை. "மறுபடியும் எம்பேரு அதுல வர வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஊருக்கு வெளியே ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்தது. எதிரணி சூலூர்க்காரர்கள். பட்டியலில் நடுவில் இருந்தவர்கள். வென்றாலும் தோற்றாலும் அவர்களுக்கு ஒன்றுமில்லை. கிருபாசங்கர் வர வேண்டாம் என்றுதான் இருந்தார். கீதாதான், "ஊட்டுல உக்காந்து என் மூஞ்சியப் பாத்துட்டு என்ன பண்ணப் போறீங்க, போய்ட்டு வாங்க," என்று அனுப்பினாள். வேப்பமரத்து நிழலில் அரங்கசாமியும் லோகப்பிரியாவும் இருந்த இடத்துக்குப் போகும் வழியில் கமிட்டிக்காரர் ஒருவர், "வாங்க, இன்னைக்கு டீமு நீங்க போட்டதுதானுங்க," என்று சிரித்தார். கிருபாசங்கர் நிற்காமல் போய் உட்கார்ந்தார்.

தம்பிதுரையின் தோள் விஷயத்தை மட்டும் மற்ற இருவரிடமும் சொன்னார். அரங்கசாமி குடையைக் காலருகே வைத்துவிட்டு, "நாம என்னத்தத்தான் பாத்தோம் இத்தன நாளா?" என்றார்.

கணபதி முதலில் ஆடி இருநூற்று நான்கு ரன் எடுத்தது. பத்தாது, ஆனால் கேவலமும் இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு சூலூர் ஆட ஆரம்பித்தது. இருபதாவது ஓவருக்குள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். வெயிலில் பிட்ச் காய்ந்து பொரிந்து கிடந்தது. வேகமாகப் போடப்பட்ட பந்து மட்டைக்கு வாகாக வந்தது. எப்போதாவது ஒன்று மெதுவாக விழுந்தால் அது நின்று திரும்பியது.

"ஸ்பின்னருக்குன்னே செஞ்ச பிட்ச்சு," என்று சொல்லிவிட்ட பிறகுதான் லோகப்பிரியா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இருபத்தைந்தாவது ஓவர் முடிந்து தண்ணீர் இடைவேளை விட்ட நேரத்தில் மைதானத்து வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. தம்பிதுரை. பட்டறைக்குப் போடும் நீலச் சட்டை. வலது கையால் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு மரத்தடிக்கு வந்தார். அரங்கசாமி நகர்ந்து இடம் கொடுத்தார். அவர் அரங்கசாமிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். சிறிது நேரம் கழித்து, மைதானத்தைப் பார்த்தபடியே, "நீங்க சொன்னாப்பலதானுங்ண்ணா. ஊட்டுல உக்கார முடியல," என்றார்.

அதில் குத்தல் இருந்ததா என்று கிருபாசங்கருக்குத் தெரியவில்லை. சோர்வுதான் தெரிந்தது.

"தம்பிதுரைண்ணா, பந்து நின்னு வருது," என்றாள் லோகப்பிரியா. "நம்ம பசங்க அத்தன பேரும் வேகமாப் போட்டு அடி வாங்கறாங்க. ரவிதேஜாவ வெரலத் தேச்சு மெதுவாப் போடச் சொன்னா என்னங்?"

தம்பிதுரை இரண்டு நொடி யோசித்தார். எழுந்து எல்லைக்கோட்டுக்கு நடந்தார். ரவிதேஜா இந்த வருடம்தான் அணிக்கு வந்த மிதவேகப் பந்துவீச்சாளன். அன்று தம்பிதுரையின் இடத்தில் ஆடுகிறவனும் அவன்தான். தம்பிதுரை வலது கையில் பந்தைப் பிடித்து, விரலை எப்படி உருட்ட வேண்டும் என்று காட்டியது இங்கிருந்தே தெரிந்தது. ஓட்டத்தில் பாதியைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார். சபரீஷும் ஓடி வந்து கேட்டான். மிட்விக்கெட்டில் நின்றவனைப் பத்தடி உள்ளே வரச் சொல்லிக் கைகாட்டினார்.

முப்பத்திரண்டாவது ஓவரில் ரவிதேஜா ஒரு விக்கெட் எடுத்தான். அதே மிட்விக்கெட்டில் கேட்ச். முப்பத்து நான்காவதில் இன்னொன்று. நன்றாக ஆடிக்கொண்டிருந்தவன் பந்து வருவதற்கு முன்பே மட்டையைச் சுற்றி, ஸ்டம்பு விழுந்தபின் திரும்பிப் பார்த்தான். அரங்கசாமி எழுந்து நின்று கைதட்டினார். கிருபாசங்கருக்கும் எழ வேண்டும் போலிருந்தது. எழவில்லை.

முப்பத்தெட்டாவது ஓவரில் லோகப்பிரியாவின் ஃபோனுக்குச் செய்தி வந்தது. படித்துவிட்டு ஃபோனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"உக்கடத்துக்காரவிய ஜெயிச்சுட்டாங்க. ஆறு விக்கெட்டு வித்தியாசத்துல."

இனி ஜெயித்தே ஆக வேண்டும். சூலூருக்கு எழுபத்து இரண்டு பந்தில் ஐம்பத்தெட்டு ரன், கையில் நான்கு விக்கெட்.

அதன் பிறகு ஆட்டம் மெல்ல மெல்ல இழுபட்டது. ரவிதேஜாவின் பத்து ஓவரும் நாற்பத்து நான்காவது ஓவரோடு தீர்ந்துபோயின. மூன்று விக்கெட், முப்பத்தொரு ரன். அந்த வருடத்தில் அணியில் யாரும் அவ்வளவு நன்றாகப் போட்டதில்லை. மிச்சம் ஆறு ஓவர், முப்பத்தொரு ரன், இரண்டே விக்கெட்.

"யாருக்குக் குடுப்பான்?" என்றார் அரங்கசாமி.

"யாருக்குக் குடுத்தாலும் இனி வேகந்தான்," என்றாள் லோகப்பிரியா.

தம்பிதுரையின் வலது கை, மடியில் கிடந்த இடது கையின் மேல்புறத்தை மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தது. கிருபாசங்கர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பந்துவீச்சில் என்ன நடக்கிறதென்றுகூடச் சரியாகக் கவனிக்கவில்லை. ஒரு நான்கு போனது, ஒரு கேட்ச் நழுவியது, பிறகு ஒரு விக்கெட் விழுந்தது. கடைசி ஓவருக்கு ஏழு ரன், ஒரே விக்கெட். சபரீஷ் தானே போட வந்தான். மூன்று பந்தில் மூன்று ரன். நான்காவது பந்துக்கு சூலூரின் கடைசி ஆட்டக்காரன் கண்ணை மூடிக்கொண்டு மட்டையை வீசினான். பந்து அதன் உள்விளிம்பில் பட்டு, கீப்பரின் காலுக்குப் பக்கத்தில் புகுந்து, பின்னால் யாருமில்லாத புல்வெளியில் ஓடிக் கோட்டைத் தாண்டியது.

சபரீஷ் பிட்ச் நடுவில் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டான். சூலூர்க்காரர்களே வந்து அவனைக் கைதூக்கி எழுப்பினார்கள்.

பதினொரு வருடம் முதல் டிவிஷனில் இருந்த அணி இறங்கிவிட்டது. மரத்தடியில் நான்கு பேரும் சிறிது நேரம் உட்கார்ந்தே இருந்தார்கள். அரங்கசாமி குடையை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார்.

அந்தப் பக்கம் போன கமிட்டிக்காரர் நின்று, தம்பிதுரையைப் பார்த்து, "நீங்க இருந்திருந்தா இன்னைக்கு ஜெயிச்சிருப்பமுங்க," என்றார். சொல்லும்போதே அவர் கண் கிருபாசங்கர் மீது போய் வந்தது.

"நான் இருந்திருந்தா ரவிதேஜா வெளிய உக்காந்திருப்பான்," என்றார் தம்பிதுரை. "அவனை மாதிரி எனக்கு இன்னைக்கு விழுந்திருக்காதுங்க. தோளு கெட்டுப் போயிருக்குது."

அவர் சொன்னது உண்மையா என்று யாருக்கும் தெரியாது. நல்ல தோளோடு என்றால் அந்தப் பிட்ச்சில் அவரை யாரும் தொட்டிருக்க முடியாது. அந்தத் தோளோடு எப்படியோ. கிருபாசங்கர் அந்தக் கணக்கை மனதில் இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்தார். இரண்டும் சரியாக வந்தன. இனி அதை எத்தனை முறை போட்டாலும் அப்படித்தான் வரும்.

தம்பிதுரை சபரீஷிடம் போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு மொபெட்டுக்கு வந்தார். பெடலை மிதித்துக்கொண்டே ஹேண்டிலைத் திருகியபோது இடது கை நழுவியது. வண்டி சாய்ந்தது. பின்னாலேயே வந்திருந்த கிருபாசங்கர் பிடித்துக்கொண்டார்.

"நான் ஓட்டறேன் தம்பி. என்ற வண்டிய நாளைக்கு லோகப்பிரியாவ வந்து எடுக்கச் சொல்லிக்கறேன்."

தம்பிதுரை மறுப்பார் என்று நினைத்தார். மறுக்கவில்லை. பின்னால் ஏறி உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை நெரிசலில் கணபதி வரைக்கும் வண்டி ஊர்ந்துதான் போனது. பாதி வழியில் கிருபாசங்கர் கேட்டார்.

"தோளுக்கு டாக்டரப் பாத்தீங்களா?"

"இல்லீங்ண்ணா. பாத்தா ஆடாதம்பாங்கன்னு போகல. இனிப் போலாம்."

"எப்பப் போறீங்கன்னு சொல்லுங்க. சனிக்கெழமைன்னா நானும் வாரேன்."

ஒரு சிக்னலில் நின்று, அது பச்சையாகி, வண்டி கிளம்பிய பிறகு, "பாக்கலாமுங்ண்ணா," என்று பின்னாலிருந்து வந்தது.

வீதியில் திரும்பியபோது நந்திதா வாசலில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். வண்டியை ஓட்டி வந்தது யாரென்று பார்த்ததும் அவள் கை ஒரு கணம் நின்றது.

"என்னாச்சு?" என்று கணவனைக் கேட்டாள்.

"தோத்துட்டோம்."

"எறங்கியாச்சா?"

"ஆச்சு."

அவள் துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டாள். கிருபாசங்கர் வண்டிச் சாவியை எடுத்து நீட்டினார். வாங்குவாளா என்ற சந்தேகம் அவருக்கு இருந்தது. வாங்கிக்கொண்டாள். முகத்தைத் திருப்பவில்லை. தம்பிதுரை படியேறினார்.

"செகண்ட் டிவிஷன் மேட்ச்செல்லாம் எங்க நடக்கும்?" என்று கணவனிடம் கேட்டபடி அவள் பின்னால் போனாள். அவர் ஏதோ சொன்னார். கதவு பாதி திறந்தபடியே இருந்தது.

கிருபாசங்கர் தன் வீட்டுக்கு நடந்தார். நான்கு வீடு தூரம்தான். கீதா தட்டில் தோசையை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். ஆட்டத்தைப் பற்றி அவள் எப்போதும் கேட்க மாட்டாள். இன்றைக்குக் கேட்டாள். அவர் முதல் ஓவரில் இருந்து சொல்ல ஆரம்பித்தார். ரவிதேஜாவின் இரண்டாவது விக்கெட் வரைக்கும் வந்து, யார் சொல்லிக்கொடுத்து அவன் அப்படிப் போட்டான் என்பதைச் சொல்லும் இடத்தில் நிறுத்தினார். தோசையைப் பிய்த்தார். கீதா அவசரப்படுத்தவில்லை. சட்னியை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.